லண்டன் ரயர்

எங்கள் வீட்டுக்கு லண்டனிலிருந்து ட்ரையர் வந்திருக்கிறது என்ற செய்தி, ஒழுங்கை முடக்கைத் தாண்டுவதற்குள் 'ரயர்' ஆகிவிட்டது. அடுத்தநாள் விடிய, பக்கத்துக் காணி அண்ணை படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, ட்ரக்டருக்கு ரயர் வந்ததாம். முன் ரயரோ, பின் ரயரோ?" என்று கேட்டார். எனக்கு ட்ரக்டர் இல்லை. அது அவருக்கும் தெரியும். லண்டனில் மச்சான் இருப்பவனுக்கு முதலில் ரயர் வரும், பிறகு பாகம் பாகமாக ட்ரக்டர் வரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ரயர் இல்லை அண்ணை, ட்ரையர். உடுப்புக் காயவைக்கிற மெஷின்."

அவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். 2024 ஜூலை மாதம். இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து கச்சான் காற்று மண்ணையும் வாரிக்கொண்டு வீசுகிறது. எங்கள் வட்டக்கச்சியில் அந்த மாதங்களில் உடுப்புக் காயவைப்பது ஒரு வேலையே இல்லை. காய்ந்த உடுப்பைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. என் சாரம் அன்று காலை அரை மணித்தியாலத்தில் காய்ந்து, கிளிப்பையும் கழற்றிக்கொண்டு போய் அவருடைய வாழைத் தோட்டத்தில் தொங்கியது. அதைத் திருப்பித் தரத்தான் அவர் வந்ததே. சாரத்தை என் தோளில் போட்டுவிட்டு, "உடுப்புக் காயவைக்கவோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வீடு மாறும்போது பழையதை எறிய மனமில்லாமல், மாரியில் அக்கா உடுப்போடு படுகிற பாட்டையும் நினைத்து, கப்பலில் ஏற்றிவிட்டார். "அத்தான், ஆறு வருஷம் பாவிச்சனாங்கள். ஒரு பிழை இல்லை. பட்டனை அமத்தினால் போதும்" என்று தொலைபேசியில் சொன்னார். இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெஷினின் பூர்வீகமே குளிர்நாட்டுக் கதைதான். அமெரிக்காவில், வட டகோட்டாவில், ரோஸ் மூர் என்றொருவர், உறைபனிக்குள் நின்று அம்மா துணி காயப்போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மின்சார ட்ரையரை வடிவமைத்தாராம். 1938இல் அது கடைக்கு வந்தபோது வைத்த பெயர் 'ஜூன் டே'. பெட்டிக்குள் அடைத்த ஒரு ஜூன் நாள். வன்னியில் ஜூன் நாளைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டியதில்லை. அது வெளியில் நின்று எங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும். எங்களுக்கு வேண்டியது கார்த்திகை மாதத்தில் ஒரு ஜூன் நாள். அந்த வகையில் மச்சானின் கணக்குப் பிழை இல்லை. பிழை முழுவதும் இந்த முனையில்தான்.

எங்களுடையது இந்திய வீட்டுத் திட்டத்து வீடு, 550 சதுர அடி. ட்ரையரை எங்கே வைப்பது என்று ஒரு கிழமை ஆராய்ந்து, கடைசியில் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தோம். அன்றிலிருந்து பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள் ட்ரையரையும் சேர்த்துக் கும்பிட வேண்டியதாயிற்று. பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்க ஒழுங்கையே வந்து நின்றது. மெஷினின் பின்தகட்டில் 2500 வற்ஸ் என்று போட்டிருந்தது. 230 வோல்ட்டால் பிரித்தால் ஏறக்குறைய 11 அம்பியர். பிரித்துப் பார்த்தது மகள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. கடையில் ஒரு அடப்டர் வாங்கி, ஃபானுக்கும் ரீவிக்கும் போட்டிருந்த 5 அம்பியர் வட்டக்கால் பிளக் பேஸில் சொருகிவிட்டேன். மெஷின் அருமையாகச் சுற்றியது. மூன்றாவது நிமிடம் பிளக் பேஸ் வெதும்பி, கருகல் மணம் எழும்பியது. மெஷின் நிற்கவில்லை, மனைவிதான் ஓடிவந்து மெயின் சுவிச்சை அணைத்தாள். பிறகு வயரிங் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, மெயினிலிருந்து தனி வயர் இழுத்து, சதுரக்கால் 13 அம்பியர் பேஸ் போட்டோம். அந்தக் காசுக்கு ஏழு தலைமுறைக்குக் கொடிக்கயிறு வாங்கலாம் என்று அம்மா சொன்னா.

அதோடு மெஷினைப் பெட்சீற்றால் மூடினோம். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த ஓகஸ்டில் கட்டணத்தை 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏற்றினார்கள். இதெல்லாவற்றையும் மறக்காத மனைவி, "மாரி வரட்டும், அதுமட்டும் உதிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது" என்று சட்டம் போட்டாள். மூடிய மெஷினின் மேல் ஒவ்வொன்றாக ஏறின: மருந்துப் பை, கரண்ட் பில், கதலி வாழைப்பழச் சீப்பு. இடையில் ஒருநாள், நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த நேரம் அம்மா வந்து ஏதோ கேட்டா. நானும் ஓம் என்றேன். என்ன கேட்டா என்பது நவம்பர் முடிந்துதான் எனக்குத் தெரியவந்தது.

அதற்குமுன் என் கீர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் எனக்குத் 'திருத்துறவர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபின் வன்னியில் ஏறக்குறைய இருபது வருஷம் கம்பியில் கரண்ட் வரவில்லை. பற்றறி, சவர்க்காரம், பெற்றோல் எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோலைக் காட்டி ஆசைப்படுத்தி ஸ்ராட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், ஆனால் பனங்களி மணத்துக்கு மாடு வந்து கொடியில் கிடக்கிற சேட்டைச் சப்பும். அந்தக் காலத்தில் உடுப்புக் காய்வதற்கு வெயில் மட்டும் போதாது, தடியோடு ஒரு ஆளும் காவல் நிற்க வேண்டும்.

இதில் என் பங்கு என்ன? மாமா மோட்டார் சைக்கிளைத் திருத்தும்போது விளக்குப் பிடித்தவன் நான். றேடியோவுக்குப் பெடல் சுற்றியவன் நான். மாட்டுக்குத் தடியோடு நின்றவனும் நானே. அப்போது எனக்கு 15 வயது. செய்தவனுக்கும் விளக்குப் பிடித்தவனுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் முப்பது வருஷத்தில் தானாகவே தேய்ந்தது. தேய்வது பிந்திய இடங்களில் நானும் கொஞ்சம் அரம் போட்டேன். கலியாணம் பேசி வந்தபோதே மாமனாரிடம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற வித்தையை விளங்கப்படுத்தியிருக்கிறேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அப்போதே நம்பவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

2024 நவம்பர் 25 ஆம் திகதி, திங்கட்கிழமை, உயர்தரப் பரீட்சை தொடங்கியது. மகள் எழுதுகிறாள். இரண்டு நாள் போவதற்குள் மழையும் வெள்ளமும். பிறகு பெங்கல் என்று பெயர் வாங்கிய புயல் அது. பரீட்சையை முதலில் மூன்று நாளுக்கென்று நிறுத்தி, பிறகு டிசம்பர் 4க்குத் தள்ளினார்கள். மகளுக்குப் படிக்க நேரம் கிடைத்தது. எனக்கு மானம் போக நேரம் கிடைத்தது.

வீட்டுக்குள் கொடி கட்டினோம். 550 சதுர அடியில் ஐந்து பேரும், ஐந்து பேரின் ஈர உடுப்பும். பிள்ளையாருக்கு முன்னால் என் களுசான் தொங்கியது. துவாய் எடுத்தால் துவாய் நனைத்த கையைத் துடைக்க இன்னொரு துவாய் தேட வேண்டும். மகளின் மூன்று வெள்ளைச் சீருடையிலும் பூஞ்சண மணம். அப்போதுதான் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உங்கட மெஷினை இப்பவெண்டாலும் போட்டுப் பாத்தால் என்ன?"

வந்த நாளில் அது 'என்ர தம்பி அனுப்பின மெஷின்'. பரீட்சைச் சீருடை நனைந்த நாளில் அது 'உங்கட மெஷின்'.

சீருடையை உள்ளே போட்டேன். பிளக்கைச் சொருகினேன். வெளிச்சம் வந்தது. மச்சான் சொன்னபடி பட்டனை அமத்தினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அமத்தினேன். உறுமினால், புகைத்தால், நாறினால் அது ஒரு நோய்க்குறி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். இது கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி, முகத்தில் வெளிச்சம் இருக்கிறது, வாயில் பேச்சில்லை.

"இஞ்சை விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஆயுதப் பெட்டியை எடுத்தேன். ஒரு குறடு, ஒரு டெஸ்டர், பிடி உடைந்த ஸ்க்ரூ ட்ரைவர், எதற்கென்று தெரியாத ஒரு ஸ்பிரிங். முதல் நாள் முழுவதும் கரண்டில் போனது. அதே பேஸில் ஃபானைச் சொருகினேன்; ஃபான் சுற்றியது. சதுரக்கால் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். அதைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்து, கைதவறிச் சீமெந்து நிலத்தில் போட்டு உடைத்தேன். உடைந்தபின்தான் அது நல்ல ஃபியூஸ் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போடலாம் என்று நான் வாயெடுக்க முன்னமே மகள், "அப்பா, வேண்டாம், வீடு எரியும்" என்றாள். மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய் ஃபியூஸ் வாங்கி வந்தேன். வந்தபோது நானும் காயவைக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்திருந்தேன்.

பக்கத்துக் காணி அண்ணை வந்து, மெஷினைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இது லண்டன் கரண்டிலை வளந்தது தம்பி. எங்கட கரண்ட் இதுக்குச் சரிவராது" என்று முடிவு சொன்னார்.

"பெரியப்பா, ரெண்டிடத்திலையும் 230 வோல்ட், 50 ஹேட்ஸ்தான். கனடா, அமெரிக்காவிலை இருந்து வந்திருந்தால்தான் 60 ஹேட்ஸ், அப்ப பிரச்சினை" என்றாள் மகள், பௌதிகவியல் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

"அதுதான் பார், கனடாச் சனம் ஒருத்தரும் ரயர் அனுப்பிறேல்லை" என்றார் அண்ணை.

இரண்டாம் நாள் கதவு. கதவு சரியாகப் பூட்டுப்பட்டால்தான் மெஷின் ஓடும். கதவில் உள்ள ஒரு சின்ன நாக்கு உள்ளே போய் ஒரு சுவிச்சை அமத்த வேண்டும். அந்த நாக்கு வேலை செய்யவில்லை என்று எனக்குத் தோன்றியதால், கதவை மெல்லச் சாத்தினேன், ஓங்கிச் சாத்தினேன், தூக்கிச் சாத்தினேன், முழங்காலால் சாத்தினேன். ஐந்தாவது சாத்துதலுக்கு வாழைப்பழச் சீப்பு என் தலையில் விழுந்தது. கதவு திறந்திருந்த நேரமெல்லாம் எட்டு வயது மகன் கையை உள்ளே விட்டு ட்ரம்மைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு விரலால் தட்டினால் போதும், காற்றாடி மாதிரி அது பாட்டுக்குச் சுற்றும். "அப்பா, இஞ்சை பாருங்கோ, என்னமாய்ச் சுத்துது! உள்ளுக்கு ஏதோ கிலுகிலுக்குது!" என்றான்.

"கையை எடடா! பெரியாக்கள் வேலை செய்யேக்கை விளையாட்டோ?"

இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கையேட்டை எடுத்தோம். அதாவது மகள் எடுத்தாள். கையேடு பார்த்துத் திருத்துவது திருத்துகிறவனுக்கு அழகில்லை என்பது என் கொள்கை. அந்தப் புத்தகத்தில் ஐரோப்பாவிலுள்ள மொழியெல்லாம் இருந்தது, தமிழ் இல்லை. அவள் ஆங்கிலப் பக்கத்தை வாசித்துவிட்டு, முகப்பில் எரிந்துகொண்டிருந்த சாவிப் படத்தைக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் தெரியாமல் அமத்தாதபடி மெஷினைப் பூட்டுகிற வசதியாம். முதல் நாள் நான் எல்லாப் பட்டனையும் மாறி மாறி அமத்தியதில், மெஷின் என்னைச் சின்னப் பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிட்டது. இரண்டு பட்டனைச் சேர்த்து மூன்று செக்கன் அமத்த, சாவி அணைந்தது. ஸ்ராட் பட்டனை அமத்தினேன். பழைய மௌனம்.

அடுத்த பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. இது கொண்டென்சர் வகை. ஈரக் காற்றை வெளியே ஊதாமல், உள்ளேயே குளிரப்பண்ணித் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும். தொட்டி நிரம்பினால் ஓடாமல் நின்றுவிடும். நான் சந்தோஷப்பட்டு, மேலே இருந்த தொட்டியை இழுத்தேன். அரைச் சுண்டுத் தண்ணீர் இருந்தது, மச்சான் வீட்டுக் கடைசித் தோய்ச்சலின் மிச்சம். வெளியில் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிக் கிடக்கிறது, 2018 டிசம்பர் வெள்ளம் மாதிரி இரணைமடுக் கதவைத் திறந்துவிடுவார்களோ என்று ஊர் பயந்து கிடக்கிறது. நான் அரைச் சுண்டு லண்டன் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குப் போகிறேன். அம்மா அதை வாங்கிக் கறிவேப்பிலைக்கு ஊற்றினா. அந்தக் கறிவேப்பிலை பிறகு நன்றாகத்தான் வளர்ந்தது. ஃபில்டரிலிருந்து வந்த பஞ்சையும் அவவே வாங்கி, விரலால் உருட்டிப் பார்த்து, "நல்ல பஞ்சு, திரி திரிக்கலாம்" என்றா. ஆக, மூன்று நாளில் அந்த மெஷினால் பயன்பெற்றது கறிவேப்பிலையும் குத்துவிளக்கும்.

அன்றிரவு அம்மா என் பக்கத்தில் வந்திருந்து மெல்லக் கேட்டா: "வற்றாப்பளை அம்மாளுக்குக் கடல் தண்ணியிலை விளக்கெரியுது. இஞ்சை இவ்வளவு கரண்டிலை ஒண்டும் நடக்கேல்லை. நேத்திக்கடன் ஏதும் பாக்கி வச்சிருக்கிறியோ?"

நான்காம் நாள், சூடு கூடினால் தானாக அறுந்துபோகிற ஒரு ஃபியூஸ் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிறது, அறுந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒட்ட முடியாது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, ஓட்டோ திருத்துகிற பெடியன் ஒருவனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன். கம்பி இரண்டையும் எங்கே வைத்தாலும் அது 'பீப்' என்று சத்தம் போட்டது. மெஷினில் வைத்தாலும் பீப், மேசையில் வைத்தாலும் பீப். "எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு" என்று அறிவித்தேன். இரண்டு கம்பியின் நுனியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருப்பதை மகன் காட்டித் தந்தான். அவனை வெளியே போய் விளையாடச் சொன்னேன். வெளியே முழங்கால் வரை வெள்ளம் என்று மனைவி ஞாபகப்படுத்தினாள்.

டிசம்பர் 4 ஆம் திகதி மகள் காய்ந்த வெள்ளைச் சீருடையோடு பரீட்சைக்குப் போனாள். முதல்நாள் இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஃபானுக்குக் கீழே பிடித்தும், அயன் பெட்டியால் தேய்த்தும் அதைக் காயவைத்தது மனைவி. நான் அப்போது மெஷினுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் எனக்குத் தெரியாமலே வயரிங் தம்பி வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றினார். நாலு நாளும் அதைச் செய்யாமல் உள்ளே கைவிட்ட என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேத்தண்ணியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையை மெஷினின் வாய்க்குள் விட்டு, ட்ரம்மை ஒரு தட்டுத் தட்டினார். அது காற்றாடி மாதிரிச் சுற்றியது.

"அண்ணை, பெல்ற் அறுந்துபோச்சு."

"திறந்து பாக்காமல் எப்பிடித் தம்பி தெரியும்?"

"பெல்ற் இருந்தால் ட்ரம் இப்பிடிச் சுத்தாதண்ணை. இறுக்கமாய் நிக்கும். சின்னப் பிள்ளை தட்டினாலே விளங்கும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் பல்லி ஒன்றைக் கண்டுபிடித்து அதைப் பார்த்தேன்.

அந்தத் தம்பி விளங்கப்படுத்தியதை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ட்ரம்மைச் சுற்றி ஒரு நீளப் பெல்ற் ஓடி, கீழே மோட்டரில் மாட்டுப்பட்டிருக்கிறது. அதைத் தளராமல் இழுத்துப் பிடிக்க ஒரு சின்னச் சில்லு. பெல்ற் அறுந்தால் சில்லு சரியும். எங்களுடையதைப் போன்ற மெஷின்களில் அந்தச் சரிவு ஒரு சுவிச்சைத் தட்டிவிடும், மோட்டருக்குக் கரண்ட் போகாது. ட்ரம் நிற்க சூடு மட்டும் ஏறி, ஒரே இடத்தில் கிடக்கிற உடுப்பு கருகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அது பழுதாகி நின்றதல்ல. பழுதை அறிந்து, புத்தியோடு நின்றிருக்கிறது. அந்த வீட்டில் அப்படி நின்றது அது ஒன்றுதான்.

பின்தகட்டைக் கழற்றினார். பெல்ற் இரண்டு துண்டு. வெட்டில்லை, தேய்வில்லை, கொறித்த இடம். சுற்றிவர எலிப் புழுக்கை. "இரும்புப் பெட்டிக்குள்ளை எலிக்கு என்னண்ணை வேலை?" என்று தம்பி யோசித்துவிட்டு, கிலுகிலுத்ததை ட்ரம்முக்குள் தேடி எடுத்தார். ஒரு கச்சான் கொட்டை.

எல்லோரும் கச்சானைப் பார்த்தோம். அம்மா மட்டும் என்னைப் பார்த்தா.

"விதைக் கச்சான் வைக்க இடமில்லை, எலி விடுகுதில்லை, உதின்ர கதவு நல்ல இறுக்கமாய்க் கிடக்கு, உதுக்கை வைக்கட்டோ எண்டு உன்னைக் கேட்டனான். நீதானே ஓம் எண்டனி."

ஆடியிலிருந்து ஐப்பசியில் விதைக்கும்வரை, ஒரு சாக்கு விதைக் கச்சான் சாமித்தட்டுக்குக் கீழே, பெட்சீற்றுக்குள், லண்டன் மெஷினின் வயிற்றில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு கொட்டை எலியிடம் போகவில்லை. மணம் பிடித்து அடிப்பக்கத்தால் ஏறிய எலி, ட்ரம்முக்குள் நுழைய வழியில்லாமல், அந்த ஆத்திரத்தைப் பெல்ற்றில் தீர்த்திருக்கிறது. கச்சான் என்ற ஒரே சொல்லை எங்கள் ஆட்கள் காற்றுக்கும் வைத்தார்கள், கடலைக்கும் வைத்தார்கள். ஒரு கச்சான் என் சாரத்தைக் காயவைத்தது. மற்றக் கச்சான் காயவைக்கிற மெஷினைக் கவிழ்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஓம் என்று சொன்னவன் நான்.

பெல்ற் நீளம் ஆறடிக்கு மேல், அகலம் ஒரு விரல், உள்பக்கம் வரி வரியாக இருக்கும். கிளிநொச்சியில் தண்ணிப் பம்புக்கும் நெல்லு மெஷினுக்கும் பெல்ற் இருந்தது, இதற்கு இல்லை. வவுனியாவிலும் இல்லை. மச்சானுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம் என்றார் வயரிங் தம்பி. காத்திருப்பதா? சைக்கிள் ரியூப்பால் ஒரு யுகத்தையே ஓட்டிய சனம் நாங்கள்! அவர் போனதும் பழைய ரியூப் ஒன்றை நீளவாக்கில் கிழித்து, முடிந்து, ட்ரம்மில் மாட்டினேன். மெஷின் ஓடியது. உண்மையாகவே ஓடியது. பதினொரு செக்கன். பிறகு ரியூப் கழன்று பறந்து, சாமித்தட்டிலிருந்த திருநீற்றுக் கிண்ணத்தைத் தட்டி, வீடெல்லாம் வெண்புகை. புகை அடங்கியபோது மனைவி குசினி வாசலில் நின்றாள். ஏசவில்லை.

"நான் விளக்குப் பிடிக்கட்டோ?" என்று மட்டும் கேட்டாள்.

பெல்ற், ஒரு கலியாணத்துக்கு வந்தவர்களின் சூட்கேசில் சொக்லேற் பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. வயரிங் தம்பிக்கு வசதிப்பட்டது 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மழை எப்போதோ போய்விட்டது. பளிச்சென்ற வெயில். அரை மணித்தியாலத்தில் பெல்ற்றை மாட்டி, தகட்டைப் பூட்டி, "போட்டுப் பாருங்கோ அண்ணை" என்றார். போட்டுப் பார்க்க ஈர உடுப்பு வேண்டுமே. வீட்டில் ஈரமாக ஒரு கைலேஞ்சி கூட இல்லை. எல்லாம் கொடியில் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. காய்ந்த என் சாரத்தை எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, உள்ளே போட்டேன். பக்கத்துக் காணி அண்ணை இதைப் படலையடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டனை அமத்தினேன். மெஷின் 'கும்' என்று எடுத்துச் சுற்றத் தொடங்கியது. ஜூலை மாதம் போல ஒழுங்கைச் சனம் உள்ளே வந்து, கண்ணாடிக் கதவுக்குள்ளால் என் சாரம் தலைகீழாகப் புரள்வதைப் பார்த்தது. எனக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. மெஷினின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "அந்தக் காலத்திலை நாங்கள் மண்ணெண்ணெயிலை..." என்று தொடங்கினேன்.

மெஷின் நின்றது.

ஃபான் நின்றது. ரீவி நின்றது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையை எடுத்தேன். வயரிங் தம்பி ட்ரிப் சுவிச்சைப் பார்த்தார், அது விழவில்லை. அடுத்த வீட்டிலும் கரண்ட் இல்லை, ஒழுங்கையிலும் இல்லை. அண்ணை தொலைபேசியை எடுத்து, யாழ்ப்பாணத்திலுள்ள தங்கச்சிக்கு அடித்தார், அங்கேயும் இல்லை. வவுனியாவிலும் இல்லை. கொழும்பிலிருக்கிற மருமகனுக்கு அடித்தார், கொழும்பும் இருட்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடிக்கொண்டே போனது. "தம்பி, உன்ர ரயர் இலங்கையையே இழுத்துப்போட்டுதடா" என்றார். ஒரு பதினைந்து நிமிடம் நானும் அதை முழுமனதோடு நம்பினேன். மச்சானுக்கு என்ன சொல்வது, பொலிஸ் வந்தால் பெல்ற்றைக் கழற்றி எங்கே ஒளிப்பது என்று கூட யோசித்துவிட்டேன்.

அம்மா கதவைத் திறந்து, ஈரச் சாரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டா. அது காய்ந்து, மடித்து, அலுமாரிக்குள் போனபிறகும் கரண்ட் வரவில்லை.

பின்நேரம் செய்தி வந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டியதால்தான் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொல்லியிருந்தார். செய்தியைக் கொண்டுவந்தவர் பக்கத்துக் காணி அண்ணைதான். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

அவர் போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி என்னையும், சாமித்தட்டுக்குக் கீழே நின்ற மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குரங்கெண்டுதான் சொன்னவை தம்பி," என்றார். "பேர் ஊர் ஒண்டும் சொல்லேல்லை."